லூத்தர் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை?

கொரோனா காலத்தில் நம்ம ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதிகமாகச் சுற்றியது 91-ஆம் சங்கீதம்தான். கொள்ளைநோய்க்குப் பயப்படத் தேவையில்லை என்று தைரியம் சொல்கிற சங்கீதம். எங்கள் குடும்பக் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருத்தர் அதைப் போட்டுவிடுவார்கள். சில வீடுகளில் அச்சடித்து வாசற்கதவில் ஒட்டியிருந்தார்கள். சித்தப்பா ஒருத்தர் மாஸ்க் போடவே மாட்டேன் என்றார். வேத வசனம் இருக்கும்போது மாஸ்க் எதுக்கு என்பது அவர் கட்சி. இன்னொரு பக்கம், கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமான நண்பர்கள், உங்க சாமி இப்ப எங்கே போனார் என்று கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் என்னிடம் பதில் இல்லை.

2021 மே மாதம் என் அப்பா ஊரில் கொரோனாவில் இறந்துபோனார். நான் பெர்லினில் இருந்தேன். போகவில்லை. போக முடியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அது முழு உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் மார்ட்டின் லூத்தரைத் தேடிப் படித்தேன்.

நான் பிறந்தது மயிலாடுதுறைப் பக்கம், லுத்தரன் சபைக் குடும்பத்தில். 1706-இல் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய சீகன்பால்க் கொண்டுவந்த சபை அது. மக்கள் பேசுகிற மொழியிலேயே வேதம் இருக்க வேண்டும் என்பது லூத்தர் பிடித்த பிடி. அந்தப் பிடியில்தான் சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்தார். அதனால் லூத்தர் எங்களுக்கு வீட்டுப் பெரியவர் மாதிரி. ஆலயத்தில் படம் இருக்கும். ஞானோபதேசம் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ஆனால் அவர் கொள்ளைநோய்க்கு நடுவில் வாழ்ந்தவர், அதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதியவர் என்று சின்ன வயதில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

விட்டன்பெர்க் பெர்லினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நான்கு வருஷம் இங்கே இருந்தும் போனதில்லை. அப்பா போன பிறகு ஒரு சனிக்கிழமை போனேன்.

பத்தாவது ஆண்டு

லூத்தர் பிறந்தது 1483-இல், ஐஸ்லேபன் என்ற ஊரில். அப்பா செம்புச் சுரங்கத் தொழிலில் முன்னேறியவர். மகன் வக்கீலாக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படிக்க வைத்தார். நம்ம வீட்டுக் கதை மாதிரிதான். 1505-இல் ஒரு இடிமழையில் உயிர்ப்பயம் வந்து, பிழைத்தால் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அப்பாவின் கோபத்தையும் மீறி மடத்தில் சேர்ந்தார். பிறகு விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேதப் பேராசிரியர். 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து 95 கருத்துகளை வெளியிட்டது, 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் பின்வாங்க மறுத்தது, ஒளிந்திருந்த கோட்டையில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தது, 1525-இல் முன்னாள் கன்னியாஸ்திரியான கத்தரினாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது, இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

1527 பற்றிப் புத்தகங்களில் அவ்வளவாக வராது. 95 கருத்துகள் வந்து பத்தாவது வருஷம். லூத்தருக்கு வயது 43. அந்த ஜூலை 6-ஆம் தேதி மயங்கி விழுந்தார். செத்துவிடுவோம் என்றே நினைத்தார். நண்பர்கள் புகன்ஹாகனும் யோனாஸும் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தார்கள். உடம்பு தேறியது, மனம் தேறவில்லை. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்ற இருட்டு மாதக்கணக்கில் அவரைப் பிடித்து ஆட்டியது. இன்றைக்கு ஒரு டாக்டர் பார்த்தால் மனச்சோர்வு என்று எழுதித் தந்திருப்பார். நம்பிக்கையின் வீரராக நாம் படத்தில் மாட்டி வைத்திருக்கிற மனுஷன், ஜெபிக்கவே தெம்பில்லாமல் மற்றவர்களை ஜெபிக்கச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ஆகஸ்ட் மாதம் பிளேக் ஊருக்குள் வந்தது.

அந்த நாட்டை ஆண்ட இளவரசர் யோவான், ஆகஸ்ட் 10-ஆம் தேதி லூத்தருக்குக் கடிதம் அனுப்பினார். உடனே குடும்பத்தோடு யேனா நகருக்குப் போய்விடச் சொல்லி உத்தரவு. பல்கலைக்கழகமும் யேனாவுக்குக் கிளம்பியது. பேராசிரியர்கள் போனார்கள், மாணவர்களில் பெரும்பாலோர் போனார்கள். லூத்தர் போகவில்லை. 1516-இல் பிளேக் வந்தபோது துறவியாக இருந்தார், அப்போதும் போகவில்லை. ஆனால் அப்போது தனி ஆள். இப்போது கையில் ஒரு வயது மகன் ஹன்ஸ், மனைவி வயிற்றில் அடுத்த குழந்தை.

ஊரில் தங்கியது சபை போதகர் புகன்ஹாகன், அவருடைய உதவியாளர்கள், லூத்தர் என்று கொஞ்சம் பேர்தான். வகுப்பையும் நிறுத்தவில்லை. யேனாவுக்குப் போகாமல் மிஞ்சிய மாணவர்களுக்கு யோவானின் முதல் நிருபத்தைப் பாடமாக நடத்தினார். அன்பு என்பது வாயில் இல்லை, செய்கையில் இருக்க வேண்டும் என்று சொல்கிற நிருபம் அது.

ஆஸ்பத்திரியான வீடு

லூத்தர் குடும்பம் இருந்தது பழைய மடத்துக் கட்டடத்தில். இன்று அது அருங்காட்சியகம். பெரிய வீடு, நிறைய அறைகள். அந்த இலையுதிர் காலத்தில் அது நோயாளிகளால் நிறைந்தது.

ஊரில் முதலில் போனவர்களில் ஒருவர் மேயரின் மனைவி. கிட்டத்தட்ட லூத்தரின் கையிலேயே உயிர் போனது. மருத்துவப் பேராசிரியர் ஷூர்ஃபின் மனைவி நோயோடு லூத்தர் வீட்டில் கிடந்தார், பிழைத்தார். வீட்டிலிருந்த இன்னொரு பெண்ணுக்கு நெறிக்கட்டு வந்து எல்லாரையும் பயமுறுத்தியது. சின்னப் பையன் ஹன்ஸ் நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தான்.

நவம்பர் தொடக்கத்தில் நடந்ததுதான் லூத்தரை ஆட்டிவிட்டது. சபை உதவியாளர் ரோரரின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. புகன்ஹாகனின் தங்கையும்கூட. நோய் தாக்கி, குழந்தை இறந்தே பிறந்து, தாயும் போய்விட்டார். அதே நேரத்தில் லூத்தரின் மனைவி கத்தரினாவுக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் இப்படி ஆகிவிடுமோ என்று லூத்தர் பயந்தார். அந்தப் பயத்தை நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவர் மறைக்கவே இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகு புகன்ஹாகன் தன் குடும்பத்தோடு லூத்தர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

டிசம்பர் 10-ஆம் தேதி கத்தரினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள். வருஷ முடிவில் நோய் அடங்கியது. கணக்குப் பார்த்தால் அந்த வீட்டில் செத்தது ஐந்து பன்றிகள் மட்டும்தான். லூத்தரே ஒரு கடிதத்தில் இந்தக் கணக்கை எழுதியிருக்கிறார்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது நல்ல சாட்சிக் கதை. ஆனால் எலிசபெத் அடுத்த ஆகஸ்ட் 3-ஆம் தேதி இறந்துபோனாள். எட்டு மாதக் குழந்தை. ஊருக்காக நின்றவர் வீட்டில் சாவு வராது என்று எந்த ஒப்பந்தமும் கடவுள் போட்டுக்கொடுக்கவில்லை.

ஓடலாமா கூடாதா?

அப்போது ப்ரெஸ்லாவ் நகரிலும் பிளேக். இன்று அது போலந்தில் இருக்கிறது. அந்த ஊர் போதகர் யோஹான் ஹெஸ் லூத்தரிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார்: கொள்ளைநோய் வந்தால் ஒரு கிறிஸ்தவன் ஊரைவிட்டு ஓடலாமா? உடம்பு சரியில்லாததால் லூத்தர் பதிலைத் தள்ளிப்போட்டார். கடைசியில் தன் ஊரிலேயே சாவு நடந்துகொண்டிருக்கும்போது உட்கார்ந்து எழுதி, அதை அச்சிலும் கொண்டுவந்தார்.

படித்தபோது எனக்கு ஆச்சரியம். ஓடக்கூடாது என்று ஒரே போடாகப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. உயிருக்குப் பயந்து ஓடுவது பாவமே இல்லை என்கிறார். தாவீது சவுலிடமிருந்து ஓடவில்லையா? எலியா யேசபேலுக்குப் பயந்து ஓடவில்லையா? மோசே மீதியானுக்கும், பவுல் தமஸ்குவிலிருந்தும் தப்பிப் போகவில்லையா? வீடு தீப்பிடித்தால் கடவுளின் தண்டனை என்று யாராவது உள்ளே உட்கார்ந்திருப்பார்களா? அப்படிப் பார்த்தால் பசியும் குளிரும்கூட தண்டனைதான், சாப்பிடவும் கூடாது, போர்த்திக்கொள்ளவும் கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறார். உன்னை நம்பி யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார். போதகர், மேயர், நீதிபதி, வைத்தியர், இவர்களை ஊரே நம்பியிருக்கிறது, அதனால் போகக்கூடாது. ஆடுகளை விட்டு ஓடுகிற கூலி மேய்ப்பனைப் பற்றி யோவான் சுவிசேஷத்தில் வருவதை இங்கே நினைவுபடுத்துகிறார். எஜமானும் வேலைக்காரரும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டவர்கள். உன் வேலையைச் செய்ய வேறு ஆள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு நீ தாராளமாகப் போ. ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூட நீதான் ஆள்.

அடுத்து மத்தேயு 25-க்கு வருகிறார். இயேசுவே நோயாகப் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் எல்லாரும் விழுந்தடித்து ஓடுவோம், வாசலில் கூட்டம் நெரியும். அவர்தான் பக்கத்துத் தெருவில் படுத்திருக்கிறார், நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்பது லூத்தரின் வாதம். ஏழையைக் கவனிப்பவரைக் கர்த்தர் நோய்ப்படுக்கையில் தாங்குவார் என்கிற 41-ஆம் சங்கீதத்தையும், நம் வாட்ஸ்அப்பில் சுற்றிய அதே 91-ஆம் சங்கீதத்தையும் இந்த இடத்தில்தான் எடுக்கிறார். அவர் கையில் அது கதவில் ஒட்டி வைக்கிற தாயத்து இல்லை. நோயாளியின் அறைக்குள்ளே போகிறவர்களுக்குச் சொல்கிற தைரியம்.

என் சித்தப்பாவுக்கும் அதில் பதில் இருக்கிறது. மருந்து வேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று திரிகிறவர்கள் கடவுளை நம்பவில்லை, சோதிக்கிறார்கள் என்று கடுமையாகச் சொல்கிறார். வீட்டுக்குப் புகை போடு, மருந்து எடு, தேவையில்லாத இடத்துக்குப் போகாதே, உன்னால் இன்னொருவருக்கு வந்து அவர் செத்தால் அது உன் தலையில்தான். நோயிலிருந்து எழுந்தவர்கூட கொஞ்ச நாள் ஆட்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும். ஆனால் ஒருவருக்கு நான் தேவைப்பட்டால், எந்த இடமானாலும் போவேன். 2020-இல் நாம் புதிதாகக் கற்றதாக நினைத்தது அத்தனையும் அங்கே இருக்கிறது.

ஊர் நிர்வாகத்துக்கும் சொல்கிறார். நல்ல ஆஸ்பத்திரி கட்டி ஆட்களை வையுங்கள். வீடு வீடாக எல்லாரும் நோயாளியைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது. கல்லறையை ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள். நாயீன் ஊர் விதவையின் மகனை ஊர் வாசலுக்கு வெளியேதானே எடுத்துப்போனார்கள் என்று லூக்கா சுவிசேஷத்தைக் காட்டுகிறார். சபை மக்களுக்கோ, உடம்பு நன்றாக இருக்கும்போதே பாவ அறிக்கை செய்யுங்கள், நற்கருணை எடுங்கள், உயில் எழுதுங்கள். நினைவு தப்பிய பிறகு ஐயரைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம் என்கிறார்.

தப்பும் இருக்கிறது

எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்ல மாட்டேன். பிளேக் கெட்ட காற்றாலும் பிசாசாலும் வருகிறது என்று அந்தக் காலத்து ஆள் மாதிரியே நம்பினார். அந்தக் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-இல்தான். வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறவர்களைத் தூக்குப்போடுகிறவனிடம் கொடுங்கள் என்று அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1525-இல் கிளர்ச்சி செய்த விவசாயிகளை வெட்டிச் சாய்க்கச் சொல்லி எழுதினார். 1543-இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதியது படிக்கவே கூசும். அந்த வெறுப்பை நான்கு நூற்றாண்டுக்குப் பிறகு நாஜிகள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவர் பிரசங்கம் செய்த ஆலயத்தின் வெளிச்சுவரில் யூதர்களைக் கேவலப்படுத்தும் ஒரு பழைய கற்சிற்பம் இன்றும் இருக்கிறது. அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பக்கத்து வீட்டுக்காரனுக்காக உயிரைப் பணயம் வைத்த அதே ஆள், யார் தன் பக்கத்து வீட்டுக்காரன் என்பதில் இவ்வளவு தவறினார்.

ஆனால் கொள்ளைநோய் விஷயத்தில் கடைசிவரை சொன்னபடி நின்றார். 1535-இல் பிளேக் பயத்தில் பல்கலைக்கழகம் மறுபடி கிளம்பியது, அவர் கிளம்பவில்லை. 1539-இல் மறுபடி நோய் வந்து ஒரு சட்டப் பேராசிரியரும் மனைவியும் இறந்தபோது, அவர்களுடைய பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஊர் திட்டியது. 1546 பிப்ரவரி 18-ஆம் தேதி, பிறந்த ஊரான ஐஸ்லேபனிலேயே இறந்தார்.

என் கணக்கு

இப்போது என் விஷயம். 2021 மே மாதம் இந்தியாவுக்குப் போவது கஷ்டம், ஆனால் முடியாத காரியம் இல்லை. என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். போனால் எப்போது திரும்ப முடியும் என்று தெரியாது, நோயோடு திரும்பினால் என்ன ஆகும் என்றும் தெரியாது. அக்கா கோயம்புத்தூரில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது பக்கத்து வீட்டு பாய். அவர் வீட்டிலும் வயசான அம்மா இருந்தார். கடைசியில் அப்பாவை அடக்கம் செய்ததும் கவச உடை போட்ட, எனக்குப் பெயர் தெரியாத ஐந்து பையன்கள். நான் வீடியோ காலில் பார்த்தேன்.

லூத்தரின் புத்தகத்தைப் படிக்கும்போது, நான் ஓடியவர்கள் கணக்கிலா, நின்றவர்கள் கணக்கிலா என்றுதான் தேடினேன். பெற்றோரும் பிள்ளைகளும் கட்டுப்பட்டவர்கள் என்கிறார். நான் அப்பாவுக்கும் பிள்ளை, பிறக்கப்போகிற குழந்தைக்கும் அப்பா. இரண்டு பக்கமும் என் இடம்தான். வேறு ஆள் இருந்தால் போகலாம் என்கிறார். ஆள் இருந்தார், ஆனால் நான் ஏற்பாடு செய்யவில்லை, அவராகவே வந்தார். எப்படிக் கூட்டினாலும் கணக்கு நேராகவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. கணக்கு நேராவதால் யாரும் கடவுள் முன்னால் நிற்பதில்லை, அவருடைய கிருபையால்தான் நிற்கிறோம் என்பதுதானே இந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கச் சொன்னது? பயந்து போனவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். சின்ன வயதில் ஞானோபதேசத்தில் ஒப்பித்த பாவமன்னிப்பு, அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சரியாகத்தான் செய்தேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இனி செய்ய வேண்டியதைச் செய்ய என்னை விடுவித்துவிட்டார் என்று அர்த்தம்.

செய்ய வேண்டியது என்ன என்று அக்காவும் நானும் பேசினோம். அடுத்த முறை அம்மாவுக்கு ஒன்றென்றால் யார் முதலில் கிளம்புவது, பணம் எந்தக் கணக்கில் இருக்கும், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஐயர், எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். அம்மா உயில் எழுதிவிட்டார். பாய் நம்பர் என் போனில் முதல் வரிசையில் இருக்கிறது. போன வருஷம் அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது லீவு போட்டுப் போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். கடனை அடைத்தேன் என்று சொல்ல மாட்டேன், அது அடைகிற கடன் இல்லை.

வெளிநாட்டில் இருக்கிற நாம் பெரும்பாலும் என்னை மாதிரி இரண்டு பக்கமும் கட்டப்பட்டவர்கள்தான். அடுத்த நோய் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அது வருவதற்கு முன்னால், உங்கள் அம்மா அப்பாவின் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்து, அவர்களுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். உங்கள் மாடிப்படியில் தனியாக இருக்கிற வெள்ளைக்காரப் பாட்டியின் கதவையும் ஒருமுறை தட்டுங்கள். 91-ஆம் சங்கீதத்தை அதற்கு அப்புறம் பார்வர்டு பண்ணலாம்.